மூளையில் உறங்கும் கிருமி!
மருந்து இருக்கிறது, நோயைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்

ஒரு நோய் பக்கவாதம் போல வருகிறது. ஆனால் அது பக்கவாதம் அல்ல.

சிலருக்குச் சித்தப்பிரமை போல வருகிறது. ஆனால் அது சித்தப்பிரமையும் அல்ல. இன்னும் சிலருக்கு வலிப்பாக வருகிறது. மாந்திரீகரைத் தேடி ஓடுகிறவர்களும் உண்டு.

உண்மையில் அது ஒரு கிருமியின் வேலை. பல ஆண்டுகளாக மூளைக்குள் உறங்கிக் கிடந்த கிருமி திடீரென்று விழித்துக் கொள்வதால் வரும் நோய் அது.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. காலத்தோடு கொடுத்தால், படுத்த படுக்கையாகக் கிடந்தவர் இரண்டு வாரத்தில் எழுந்து உட்காருவதும் உண்டு.

அப்படியிருந்தும் பலர் இந்த நோயால் இறக்கிறார்கள். ஏன்?

பெரும்பாலும் மருந்து இல்லாததால் அல்ல. வந்திருப்பது இன்ன நோய் என்று தெரியாததால்!

அதைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம்? உலகத்தில் அண்மையில் நடந்த சில சம்பவங்கள் அந்தக் கஷ்டத்தை எப்படி அதிகமாக்கின? இதோ விவரம்.

யார் இந்தக் கிருமி?

கிருமியின் பெயர் "டாக்ஸோபிளாஸ்மா." வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பொருள் எளிது. கிரேக்க மொழியில் "டாக்ஸோன்" என்றால் வில். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தக் கிருமி வில்லைப் போல வளைந்து தெரியும். அதனால் இந்தப் பெயர்.

1908-ம் ஆண்டு இதைக் கண்டுபிடித்தார்கள். வட ஆப்பிரிக்காவில் உள்ள டூனிஸ் நகரில், சார்லஸ் நிக்கோல், லூயி மான்சோ என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள், எலி இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் உடலில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டில் பிரேசில் நாட்டில் ஸ்பிளெண்டோர் என்ற விஞ்ஞானி ஒரு முயலின் உடலில் இதே கிருமியைக் கண்டார்.

இந்தக் கிருமியின் சொந்த வீடு பூனையின் குடல். அங்கேதான் அது முட்டை போன்ற உருண்டைகளை உண்டாக்குகிறது. பூனையின் மலத்தோடு அவை மண்ணில் விழுகின்றன. மண்ணிலிருந்து தண்ணீருக்கும் காய்கறிக்கும் போகின்றன. அந்தப் புல்லையும் தண்ணீரையும் தொட்ட ஆடு, பன்றி முதலிய பிராணிகளின் சதையிலும் கிருமி தங்கி விடுகிறது.

மனிதனுக்கு இது வருவது இப்படித்தான். சரியாக வேகாத இறைச்சியைத் தின்றால் வரும். கழுவாத காய்கறி, அசுத்தத் தண்ணீர், மண் படிந்த கை ஆகியவற்றாலும் வரும்.

உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேரின் உடலில் இந்தக் கிருமி இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள்.

இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் உள்ள கிருமி என்று நினைத்து விடக் கூடாது. 2004-ம் ஆண்டின் பிற்பகுதியிலும் அதை அடுத்தும் கோவை வட்டாரத்தில் பலருக்குக் கண் பார்வை மங்கியது. பரிசோதித்ததில் இந்தக் கிருமி கண்ணைத் தாக்கியிருப்பது தெரிந்தது. 248 பேருடைய விவரத்தை டாக்டர்கள் 2010-ல் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது எழுந்தது.

உறக்கமும் விழிப்பும்

நல்ல திடகாத்திரமான உடலுக்குள் இந்தக் கிருமி புகுந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம். கழுத்தில் நெறி கட்டலாம். பலருக்கு அதுகூடத் தெரியாது.

உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்தப் படை. அவை கிருமியைத் துரத்தித் துரத்தி அடிக்கின்றன. தப்பிய கிருமிகள் மூளையிலும் சதையிலும் போய்ச் சிறிய கூடு கட்டிக் கொண்டு பதுங்கி விடுகின்றன.

அதோடு சரி! காவற்படை விழித்திருக்கும் வரை அவை வாலாட்டுவதில்லை. மனிதன் எண்பது வயது வரை வாழ்ந்து முடித்தாலும், தன் மூளையில் இப்படி ஒரு விருந்தாளி இருந்ததே அவனுக்குத் தெரியாது.

ஆனால் காவற்படை பலவீனம் அடைந்தால்? கூடு உடைகிறது. கிருமி வெளியே வருகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. மூளையில் அங்கங்கே புண் உண்டாகிறது.

காவற்படையைப் பலவீனப்படுத்தும் காரணங்கள் பல. மாற்று உறுப்பு பொருத்திக் கொண்டவர்கள் அதற்காகச் சாப்பிடும் மருந்து ஒன்று. ரத்தப் புற்று நோயும், அதற்கான சிகிச்சையும் மற்றொன்று. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் எச்.ஐ.வி. என்ற கிருமி. அது காவற்படையையே தேடித் தேடி அழிக்கிறது. அந்த நிலை முற்றுவதைத்தான் எய்ட்ஸ் என்கிறார்கள்.

வேலூருக்குப் போன ரத்தம்

ஒரு காலத்தில் மூளையில் இந்தக் கிருமி விழிப்பதை டாக்டர்கள் அபூர்வமாகத்தான் பார்த்தார்கள். 1981-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து வாலிபர்களுக்கு வினோதமான நுரையீரல் காய்ச்சல் வந்திருப்பதாக அது கூறியது. எய்ட்ஸ் பற்றி உலகம் அறிந்த முதல் செய்தி அதுதான்.

அதன் பிறகு மூளையில் புண்ணோடு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்று தெரிந்தது.

இந்தியாவில்? "அந்த நோய் இங்கே வராது" என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை 1986-ல் உடைந்தது. உடைத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். மற்றவர் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா.

அவர்கள் சென்னையில் சேகரித்த ரத்தத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய்ப் பரிசோதித்தார்கள். ஆறு பேர் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நாடே திடுக்கிட்டது!

"இங்கே இல்லை" என்று சொன்னவர்கள் பரிசோதித்துப் பார்க்காமல் சொன்னார்கள். பரிசோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். மூளை நோய் விஷயத்திலும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

என்ன அடையாளம்?

இந்த நோய் வந்தவருக்கு முதலில் தலைவலி வருகிறது. நாளுக்கு நாள் அது கூடுகிறது. காய்ச்சலும் வரலாம்.

பிறகு ஒரு கையோ காலோ பலம் இழக்கிறது. பேச்சு குழறுகிறது. நடை தள்ளாடுகிறது. வலிப்பு வரலாம். சிலர் வீட்டாரையே அடையாளம் தெரியாமல் விழிக்கிறார்கள். சம்பந்தம் இல்லாமல் பேசுகிறார்கள்.

பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இவ்வளவும் நடந்து விடுகிறது.

வயதானவருக்குத் திடீரென்று கை கால் விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். முப்பது, நாற்பது வயதுக்காரருக்குச் சிறுகச் சிறுக இப்படி வந்தால், டாக்டர் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம் ஆகிறது.

நான்கு சாட்சிகள்

காலில் உள்ள புண்ணைக் கண்ணால் பார்க்கலாம். மூளைப் புண்ணைப் பார்க்க முடியாது. கெட்டியான மண்டை ஓட்டுக்குள் அது மறைந்து கிடக்கிறது. ஆகவே டாக்டர் ஒரு துப்பறியும் நிபுணரைப் போல வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்கு நான்கு சாட்சிகள் கிடைக்கின்றன. ஆனால் எந்தச் சாட்சியும் தனியாக முழு உண்மையைச் சொல்வதில்லை!

முதல் சாட்சி, காவற்படையின் கணக்கு. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கிறார்கள். இருந்தால், "சி.டி.4" என்ற வெள்ளை அணுக்களை எண்ணுகிறார்கள். ஆரோக்கியமானவரின் ஒரு சொட்டு ரத்தத்திலும் சிறிய அளவில், அதாவது ஒரு கன மில்லிமீட்டரில், ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை இருக்கும். அது 100-க்குக் கீழே இறங்கி விட்டால், உறங்கும் கிருமி விழித்துக் கொள்ளும் ஆபத்து பெருகுகிறது. 50-க்குக் கீழே ஆபத்து இன்னும் அதிகம்.

ஆனால் இந்தச் சாட்சி, "காவல் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே புகுந்த திருடன் யார் என்று சொல்லாது.

இரண்டாவது சாட்சி, ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள். ஒருவர் உடலில் டாக்ஸோபிளாஸ்மா என்றைக்காவது புகுந்திருந்தால், அதை எதிர்த்து உடல் தயாரித்த பொருள் ரத்தத்தில் தங்கி இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் முதல் நல்ல சோதனையை 1948-ல் ஆல்பர்ட் சேபின், ஹாரி ஃபெல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தைப் பின்னாளில் உருவாக்கினாரே, அதே சேபின்தான் இவர்!

இந்தச் சாட்சியிலும் குறை உண்டு. எதிர்ப்புப் பொருள் இருந்தால், "கிருமி உடலில் இருக்கிறது" என்று மட்டும் தெரியும். அது உறங்குகிறதா, விழித்து விட்டதா என்று தெரியாது. எதிர்ப்புப் பொருள் இல்லை என்றால், இந்த நோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

மூன்றாவது சாட்சி, ஸ்கேன் படம். எம்.ஆர்.ஐ. படத்தில் இந்த நோயின் புண்கள் மோதிரம் போல வட்ட வட்டமாகத் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட மோதிரங்கள் இருப்பது வழக்கம். சி.டி. ஸ்கேனில் தெரியாத சிறிய புண்கூட எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்து விடும்.

"அப்படியானால் விஷயம் முடிந்ததே!" என்று தோன்றும். முடியவில்லை. மோதிரம் போடும் நோய் இது ஒன்று மட்டும் அல்ல!

ஒரே மோதிரம், பல விரல்

மூளையில் காசநோய்க் கட்டி வந்தாலும் மோதிரம் தெரியும். நாடாப்புழுவின் குஞ்சு மூளையில் தங்கினாலும் மோதிரம் தெரியும். சீழ்க்கட்டி வந்தாலும் தெரியும். "லிம்போமா" என்ற ஒரு வகைப் புற்று நோயும், முக்கியமாக எய்ட்ஸ் நோயாளிகளின் மூளையில், இதே போல மோதிரம் காட்டும்.

காசநோய் அதிகம் உள்ள இந்தியா போன்ற நாடுகளில் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே நோயாளிக்குக் காசநோயும் இருக்கலாம், டாக்ஸோபிளாஸ்மாவும் இருக்கலாம்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். அந்த நீரில் கிருமியின் மரபணு கிடைத்து விட்டால், ஏறக்குறைய உறுதி. கிடைக்காவிட்டால், "நோய் இல்லை" என்று சொல்ல முடியாது. பல நோயாளிகளின் நீரில் அது அகப்படுவதில்லை. மேலும், மூளை அதிகமாக வீங்கி இருக்கும்போது முதுகில் நீர் எடுப்பது ஆபத்து.

மண்டையில் துளை போட்டுப் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்கலாம். அதுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை. ஆனால் பலவீனமான நோயாளிக்கு அது லேசான காரியமா? எல்லா ஆஸ்பத்திரியிலும் அதற்கு வசதி உண்டா? ஆகவே அதைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறார்கள்.

மருந்தே சாட்சி!

நான்காவது சாட்சிதான் வேடிக்கையானது. அந்தச் சாட்சி, மருந்து!

வழக்கமாக என்ன செய்வார்கள்? நோயைக் கண்டுபிடித்து விட்டு மருந்து கொடுப்பார்கள். இந்த நோயில் மருந்தைக் கொடுத்து விட்டு நோயை உறுதி செய்கிறார்கள்.

காவற்படைக் கணக்கு 100-க்குக் கீழே. எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. படத்தில் மோதிரங்கள் தெரிகின்றன. மூன்று சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டினால் டாக்டர்கள் மேலும் காத்திருப்பதில்லை. உடனே டாக்ஸோபிளாஸ்மாவுக்கு உரிய மருந்தைத் தொடங்கி விடுகிறார்கள். பிறகு நோயாளியைக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

மருந்து கேட்கும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் 14 நாட்களுக்குள் நன்றாகத் தேறத் தொடங்கி விடுகிறார்கள். விழுந்த கை அசைகிறது. பேச்சு தெளிகிறது. மறுபடி ஸ்கேன் எடுத்தால் மோதிரங்கள் சிறுத்திருக்கின்றன. "இது அந்தக் கிருமிதான்" என்று அப்போது தீர்மானிக்கிறார்கள்.

இரண்டு வாரம் ஆகியும் குணம் தெரியவில்லையா? நோய் முற்றுகிறதா? அப்போது வேறு நோயைத் தேட வேண்டும். மண்டையில் துளை போடும் சோதனை பற்றி யோசிப்பது அந்தச் சமயத்தில்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மூளை வீக்கத்தைக் குறைக்க "ஸ்டிராய்டு" மருந்து கொடுப்பது உண்டு. அதைக் கொடுத்தால் வீக்கம் எதுவானாலும் வற்றும். லிம்போமாப் புற்றுகூடச் சில காலத்துக்குச் சுருங்கி விடும். பிறகு எந்த மருந்தால் குணம் ஆயிற்று என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் உயிருக்கு ஆபத்தான வீக்கம் இருந்தால் மட்டுமே டாக்டர்கள் அதைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். வீட்டாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: முன்பு எந்த மாத்திரை கொடுத்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

750 டாலர் மாத்திரை

மருந்துதான் சாட்சி என்றால், மருந்து கைக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும்?

இந்த நோய்க்கு முக்கியமான மருந்தின் பெயர் பைரிமெத்தமின். சல்பாடயசின் என்ற மருந்தோடு சேர்த்து, குறைந்தது ஆறு வாரம் கொடுக்கிறார்கள். ரத்தம் கெடாமல் இருக்க ஃபோலினிக் அமிலமும் கூடவே கொடுக்கிறார்கள். பைரிமெத்தமின் 1950-களில் வந்த பழைய மருந்து. அதைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானிக்கு உண்டு. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2015-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் அநியாயம் நடந்தது. இந்த மாத்திரையை விற்கும் உரிமையை டூரிங் என்ற கம்பெனி வாங்கியது. கம்பெனியின் தலைவர் மார்ட்டின் ஷ்கிரெலி. அதுவரை ஒரு மாத்திரை 13 டாலர் 50 சென்ட். ஒரேயடியாக 750 டாலர் ஆக்கி விட்டார்!

புதிய மருந்து அல்ல. புதிய ஆராய்ச்சியும் இல்லை. அதே பழைய மாத்திரை. விலை மட்டும் 55 மடங்கு!

அமெரிக்கா முழுவதும் கொதித்தது. 2020-ல் வேறு கம்பெனி அதே மருந்தைத் தயாரிக்க அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 2022 ஜனவரியில் ஒரு நீதிபதி, ஷ்கிரெலி இனி வாழ்நாள் முழுவதும் மருந்துத் தொழிலில் ஈடுபடக் கூடாது என்று தீர்ப்பளித்தார்.

பல நாடுகளில் வேறு ஒரு மலிவான மருந்தும் கை கொடுக்கிறது. கோட்ரைமாக்ஸசோல் என்பது அதன் பெயர். சாதாரண ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் பழைய மாத்திரை. இந்த மூளை நோய்க்குச் சிகிச்சையாகவும் அதைக் கொடுக்கிறார்கள். நோய் வருவதற்கு முன்பே தினமும் சாப்பிட்டு வந்தால், நோய் வராமலும் தடுக்கிறது. காவற்படை குறைந்தவர்களுக்கு அது ஓர் எளிய கவசம்.

ஆனால் காவற்படை குறைந்தது என்று முதலில் தெரிய வேண்டுமே! எண்ணிப் பார்த்தால்தானே தெரியும்?

எண்ணுவதை நிறுத்தினால்?

உலகில் 2024-ம் ஆண்டு ஏறக்குறைய 4 கோடியே 8 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபையின் எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. மருந்து சாப்பிட்டவர்கள் 3 கோடியே 16 லட்சம் பேர். மற்றவர்கள் கிட்டத்தட்ட 92 லட்சம் பேர். அந்த ஓராண்டில் மட்டும் எய்ட்ஸ் சம்பந்தமான நோய்களால் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

முன்பெல்லாம் காவற்படைக் கணக்கு ஓர் அளவுக்குக் குறைந்த பிறகே எச்.ஐ.வி. மருந்து கொடுத்தார்கள். பிறகு நல்ல மாறுதல் வந்தது. "கிருமி இருப்பது தெரிந்தால் உடனே மருந்து கொடுங்கள்" என்று உலகச் சுகாதார அமைப்பு 2015-ல் சொன்னது. இந்தியாவும் 2017-ல் அதை ஏற்றது.

இதனால் லட்சக் கணக்கானவர்கள் பிழைத்தார்கள். ஆனால் எதிர்பாராத ஒரு தீங்கும் கூடவே வந்தது. "எல்லாருக்கும் மருந்து உண்டு என்றால், அணுக்களை எதற்கு எண்ண வேண்டும்?" என்று பல நாடுகளில் அந்தச் சோதனையைக் குறைத்து விட்டார்கள். எண்ணாவிட்டால், யாருக்குக் காவல் அறவே இல்லை என்று எப்படித் தெரியும்? மூளையில் கிருமி விழித்த பிறகுதான் தெரியும்!

2017-ல் உலகச் சுகாதார அமைப்பு, நோய் முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தது. காசநோயைக் கண்டறியச் சிறுநீர்ச் சோதனை அதில் உண்டு. மூளையைத் தாக்கும் ஒரு காளான் கிருமிக்கு ரத்தச் சோதனை உண்டு. டாக்ஸோபிளாஸ்மா விழித்து விட்டதா என்று உடனே சொல்லும் அப்படி ஓர் எளிய சோதனை கிடையாது. ஆகவே அணுக்களின் கணக்குதான் இங்கே முதல் எச்சரிக்கை மணி.

இந்த நிலையில் 2025-ல் மற்றோர் இடி விழுந்தது. அமெரிக்கா 2003-ம் ஆண்டிலிருந்து ஏழை நாடுகளின் எய்ட்ஸ் ஒழிப்பு வேலைக்குப் பெரும் பணம் கொடுத்து வந்தது. அதனால் இரண்டரைக் கோடி உயிர்கள் பிழைத்தன என்பது அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு. 2025 ஜனவரி 20-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் பதவி ஏற்றார். அன்றே, வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்கும்படி உத்தரவிட்டார். உயிர் காக்கும் மருந்துக்குப் பின்னர் விலக்கு அளித்தார்கள். ஆனாலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன. ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

மாத்திரை மட்டும் வந்து சேர்ந்தால் போதாது. ரத்தம் எடுக்க ஆள் வேண்டும். எண்ண இயந்திரம் வேண்டும். வராத நோயாளியைத் தேடிப் போய் அழைத்து வர ஊழியர் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முதல் சாட்சி காணாமல் போகிறது. முதல் சாட்சி இல்லாவிட்டால் மற்ற சாட்சிகளைக் கூப்பிடவே யாருக்கும் தோன்றாது.

தாம்பரத்திலிருந்து தொடங்கியது

2023-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்கமே இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறது. 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி இந்தத் திட்டம் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுத்த சில ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் அரசு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியும் ஒன்று.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் "நம்பிக்கை மையம்" என்று ஒரு பலகையைப் பார்க்கலாம். அங்கே எச்.ஐ.வி. சோதனை இலவசம். விஷயம் வெளியே போகாது. 1097 என்ற டெலிபோன் எண்ணிலும் இலவசமாக யோசனை கேட்கலாம்.

இவ்வளவு இருந்தும் சிலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். காரணம் வெட்கம், பயம்.

கணவன் மனைவியிடம் சொல்வதில்லை. மகன் தாயிடம் சொல்வதில்லை. மாத்திரை டப்பாவை யாராவது பார்த்து விடுவார்களே என்று, நன்றாக மருந்து சாப்பிட்டு வந்தவரே பாதியில் நிறுத்தி விடுகிறார். உடலில் ஒரு கோளாறும் தெரிவதில்லை. "எனக்குத்தான் குணமாகி விட்டதே!" என்று நினைக்கிறார். காவற்படை மட்டும் மெல்ல மெல்லக் கரைகிறது.

ஒரு நாள் அவர் வலிப்பு வந்து விழுகிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போகும் உறவினருக்கு ஒன்றும் தெரியாது. "ஏற்கனவே ஏதாவது நோய் உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். "ஒன்றும் இல்லை" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. நோயாளியோ பேசும் நிலையில் இல்லை.

இப்படி விலை மதிப்பில்லாத நாட்கள் வீணாகின்றன.

இந்தப் பயத்துக்கு மாற்றாக ஒரு சட்டம் இருக்கிறது. 2017-ல் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் அமுலுக்கு வந்த சட்டம் அது. எச்.ஐ.வி. இருப்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையை வெளியேற்றக் கூடாது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்யவோ, ரகசியத்தை வெளியிடவோ கூடாது என்கிறது சட்டம்.

சட்டம் வேலையைக் காப்பாற்றும். வீட்டுக்குள் ஒருவர் வாய் விட்டுச் சொல்லும் தைரியத்தைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அதைக் குடும்பம்தான் கொடுக்க வேண்டும். நெருங்கிய ஒருவருக்காவது உண்மை தெரிந்திருந்தால், ஆபத்து நேரத்தில் டாக்டரிடம் சொல்ல ஒரு வாய் இருக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இந்த மூளை நோய் தொட்டால் ஒட்டாது. நோயாளியைக் குளிப்பாட்டலாம்; சோறு ஊட்டலாம்; பக்கத்தில் படுக்கலாம். பயம் வேண்டாம்.

இறைச்சியை நன்றாக வேக வைக்க வேண்டும். உள்ளே சிவப்பாக இருக்கக் கூடாது. பச்சை இறைச்சியை நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

காய்கறி, பழங்களைக் கழுவித் தின்ன வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது. தோட்ட வேலை செய்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வீட்டில் பூனை இருந்தால் அதை அடித்துத் துரத்த வேண்டியது இல்லை. கிருமி முதல் முறை தொற்றும்போது ஒன்று, இரண்டு வாரம்தான் பெரும்பாலும் பூனை அதை வெளியேற்றுகிறது. பூனையின் மலத்தை அன்றன்றே அகற்றி விட்டால் ஆபத்து குறைவு. காரணம், வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகே அந்த உருண்டைகள் தொற்றும் சக்தி பெறுகின்றன. கர்ப்பிணிகளும், காவற்படை பலவீனமானவர்களும் அந்த வேலையைச் செய்யக் கூடாது. கர்ப்ப காலத்தில் இந்தக் கிருமி புதிதாகத் தொற்றினால் வயிற்றில் உள்ள குழந்தையின் மூளையையும் கண்ணையும் கெடுக்கலாம்.

எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தியவர் வெட்கப்படாமல் திரும்பிப் போய் மையத்தில் சொல்ல வேண்டும். அணுக்களின் கணக்கு என்ன என்று கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சில நாட்களாகக் கூடிக் கொண்டே போகும் தலைவலி, கை கால் பலவீனம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், சோதனை செய்யட்டுமா என்று டாக்டர் கேட்கும்போது கோபப்படக் கூடாது. உயிரைக் காப்பாற்றவே அவர் கேட்கிறார்.

காவலன் எழுந்தால் போதும்

இன்றுள்ள மருந்துகள், விழித்து ஓடும் கிருமியைக் கொல்கின்றன. கூட்டுக்குள் உறங்கும் கிருமியைக் கொல்வதில்லை. அதனால் குணமான பிறகும் சில காலம் மருந்தைத் தொடர வேண்டும்.

அது வாழ்நாள் தண்டனை அல்ல. எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் காவற்படை மறுபடி வளர்கிறது. கணக்கு 200-க்கு மேல் ஏறி, ஆறு மாதம் அப்படியே நிலைத்தால், மூளைக் கிருமிக்கான மாத்திரையை டாக்டர் நிறுத்தி விடலாம். காவலன் எழுந்து விட்டான். கிருமி மறுபடி உறங்கி விடும்.

அதற்கு முதல் படி, பெரிய ஸ்கேன் இயந்திரம் அல்ல. விலை உயர்ந்த மாத்திரையும் அல்ல. விரல் நுனியிலோ கையிலோ எடுக்கும் சிறிதளவு ரத்தம்தான். அதைக் காலத்தோடு கொடுத்தவர் பிழைத்துக் கொள்கிறார்.